முன் ஷாஃப்ட்டின் காய்ச்சல்

அந்த ஆஸ்பத்திரி ஷெட்டில் மலைக்குப் போகிற வண்டி ஒன்று, டிரைவர்கள் இரண்டு பேர், மெக்கானிக் ஒருத்தி. வண்டியை நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். நடுவில் முழி பிதுங்கி நிற்பவள் மெக்கானிக். திங்கள், புதன், வெள்ளி ஓட்டுகிறவர் அவளைப் பெற்ற அப்பா. செவ்வாய், வியாழன், சனி ஓட்டுகிறவர் அவளுடைய மாமனார். ஞாயிறு வண்டிக்கு ஓய்வு. அவளுக்கு அதுவும் கிடையாது. அன்றைக்குத்தான் இரண்டு வீட்டுப் பஞ்சாயத்தும் கூடும்.

சம்பந்திகள் முறுக்கிக்கொள்வது உலகத்தில் புதிதா என்ன? ஆனால் இவர்கள் சம்பந்தி ஆவதற்கு இருபது வருடம் முன்பிருந்தே தோளில் கை போட்டுத் திரிந்த சிநேகிதர்கள். ஷெட்டில் அப்பாவுக்குப் பட்டப்பெயர் ‘கறார்’, மாமனாருக்கு ‘நிதானம்’. பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம் நிதானம் வண்டியை ரிவர்ஸ் எடுத்து ஷெட்டுக்குள் விட்டார். கறார் பின்னால் நின்று, “வரலாம், வரலாம்” என்று கை காட்டினார். வண்டியும் வந்தது. வந்து தூணில் முட்டியது. பின் கதவில் ஒரு சொம்பைப் பதித்து எடுத்த மாதிரி பள்ளம். நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன், அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்றார் கறார். கையே காட்டவில்லை, யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார் என்றார் நிதானம். அதோடு பேச்சு நின்றது. வண்டி, பள்ளத்தைச் சுமந்துகொண்டு ஓடியது.

அதற்குப் பிறகு அவள்தான் இருவருக்கும் தபால்காரி.

“உங்க மாமாகிட்ட சொல்லு, டீசல் பாதிதான் இருக்குன்னு” என்பார் அப்பா. மாமா நான்கடி தள்ளி நிற்பார்.

“காதுல விழுந்துச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லும்மா” என்பார் மாமா.

அற்பத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? இவர்களுக்கு இல்லை. தரையில் வண்டியிலிருந்து ஒரு சொட்டு கிரீஸ் விழுந்திருந்தால் அப்பா அதைச் சுற்றிச் சாக்பீஸில் வட்டம் போட்டு வைப்பார், மறுநாள் வருகிற மனுஷன் பார்த்து வெட்கப்படட்டும் என்று. சுவரில் ஆணியில் ஒரு அட்டை தொங்கும். வண்டிக்கு யார் கிரீஸ் வைத்தாலும் தேதி போட்டு அதில் கையெழுத்து வைக்க வேண்டும். அதில் ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொருவர் போட வேண்டி வருமே! அந்த ஒரு காரணத்துக்காக இருவருமே போடுவதை விட்டார்கள். அட்டை மாதக்கணக்கில் வெறுமையாகத் தொங்கியது.

அவளுடைய வீட்டுக்காரன் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தான். அப்பாவைப் பற்றியோ மாமனாரைப் பற்றியோ வாய் திறந்தால், “எனக்கு ஷாஃப்ட் எது, சைலன்சர் எதுன்னே தெரியாது, ஆளை விடு” என்று நழுவிவிடுவான். நல்லவன்தான். ஆனால் இந்த விஷயத்தில் சுத்த கோழை.

இப்படி இருக்கும்போதுதான் வண்டிக்குக் காய்ச்சல் கண்டது.

எஞ்சினின் பலத்தை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புக் குழாய்க்கு முன் ஷாஃப்ட் என்று பெயர். மலைப் பாதையில் ஏறி இறங்கி வந்தால் அது அடுப்பில் வைத்த கல்லாகக் கொதித்தது. தொட்டால் தோல் பிய்ந்துவிடும். இரண்டு முனையிலும் இருக்கும் மூட்டுகள் தேய்ந்திருக்கும் என்று, மூட்டுக்குள் சிலுவை வடிவில் இருக்கும் கிராஸ் இரண்டையும் அவள் மாற்றினாள். பதினைந்து நாள் சமர்த்தாக ஓடியது. பிறகு மறுபடியும் கொதித்தது. மறுபடியும் கிராஸ் மாற்றி, கியர்பெட்டியிலிருந்து ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்தில் இருக்கும் பேரிங்கையும் மாற்றினாள். மறுபடியும் பதினைந்து நாள் சமர்த்து, மறுபடியும் கொதிப்பு. கடைசியாகப் போன செவ்வாய்க்கிழமை ஐந்தாவது வளைவில் கருகல் வாடையோடு வண்டி நின்றே போனது. மலை மேல் குடியிருப்புக்குத் தடுப்பூசி கொண்டுபோன நர்ஸக்கா குளிர்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். மருந்து பிழைத்தது அவளுடைய புண்ணியம்.

வியாழக்கிழமை காலை வண்டிப் பிரிவு சூப்பரண்டு அவளைக் கூப்பிட்டார். அவர் சட்டை எப்போதும் சலவை மடிப்புக் கலையாமல் இருக்கும். ஷெட்டு வாசல் வரை வருவார், உள்ளே கால் வைக்க மாட்டார்.

“ரெண்டு தடவை சாமான் மாத்தியாச்சு. அப்ப சாமான் மேல தப்பு இல்ல. ஓட்டுற ஆள் மேலதான் தப்பு” என்றார். “ரெண்டு பேர்ல ஒருத்தர் வண்டியைப் பாழ் பண்றார். அவரை எடுத்துட்டு வேற ஆள் போடப் போறேன்.”

“யாரை சார்?”

“அதை நீதான் எழுதித் தரணும். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும். சொந்தக்காரங்கன்னு மழுப்பினா உன்னையும் சேர்த்து வேற ஷெட்டுக்கு மாத்திடுவேன். குடும்பக் கம்பெனி நடத்தவா இந்த ஷெட்டு இருக்கு?”

அப்பா பெயரை எழுதினால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? மாமா பெயரை எழுதினால் அந்த வீட்டில் உட்கார்ந்து எப்படிச் சோறு தின்பது? அப்பாவுக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது, மாமாவுக்கு இரண்டு. இந்த வயதில் வண்டியைப் பாழ் பண்ணினவன் என்ற பெயரோடு வெளியே போனால் இரண்டு பேருமே எழுந்திருக்க மாட்டார்கள்.

ஷெட்டுச் சுவருக்குக் காது உண்டு போல. அவள் திரும்பி வருவதற்குள் விஷயம் இருவருக்கும் தெரிந்திருந்தது.

அப்பா அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். “பாப்பா, நான் யாரையும் கோள் சொல்றவன் இல்ல. ஆனா உங்க மாமா தார் ரோட்லயும் ஃபோர் வீலைக் கழட்டாமலே ஓட்டுறார். அதுதான் கொதிக்குது. நீ எழுதணும்னா உண்மையை எழுது.”

கோள் சொல்கிறவர் இல்லையாம்!

பத்து நிமிடத்தில் மாமா கருவிப் பலகைக்குப் பக்கத்தில் வந்து தொண்டையைக் கனைத்தார். “உன் மனசு எனக்குப் புரியுதும்மா. இருந்தாலும் உங்கப்பா பள்ளம்னு பார்க்கிறதில்ல, மேடுன்னு பார்க்கிறதில்ல. இரும்பு எவ்வளவுதான் தாங்கும்? நீ நியாயமா நடந்துக்கோ, அது போதும்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பேருக்கும் தலையாட்டினாள். பேர் எழுதுவது அப்புறம், முதலில் காய்ச்சல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம் என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை அப்பாவோடு மலைக்குப் போனாள். மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்தி, முன் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் நடுவிலும் கியர்பெட்டி வாயிலுமாக நான்கு இடத்தில் மெழுகைச் சொட்ட வைத்திருந்தாள். எது முதலில் உருகுகிறதோ அங்கேதான் சூட்டின் தாய்வீடு. அப்பா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டினார். பாலம் வரை தார் ரோடு. அதுவரை ஃபோர் வீலைத் தொடவே இல்லை. பாலத்தில் அவள் கீழே புகுந்து பார்த்தாள். நான்கு சொட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. பாலம் தாண்டியதும் கல்லும் பள்ளமுமாக ஏழு வளைவு. அப்பா ஃபோர் வீலைச் சேர்க்கிற குட்டி லீவரைப் போட்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியைக் கைக்குழந்தையை இறக்குவது போல இறக்கினார். உச்சியில் போய்ப் பார்த்தால் கியர்பெட்டி வாயில் வைத்த மெழுகு போன இடம் தெரியவில்லை. மூட்டுகளில் வைத்தது ஓரம் மட்டும் மழுங்கியிருந்தது.

கூட வந்திருந்த நர்ஸக்கா குனிந்து, நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கிற கருவியை ஷாஃப்ட்டுக்கு நேரே நீட்டினாள். கருவி எண் எதுவும் காட்டாமல் சிவப்பாக மின்னிக் கத்தியது.

“அளவுக்கு மேல போயிடுச்சு. மனுஷனா இருந்தா இந்நேரம் சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பியிருப்பேன்” என்றாள் நர்ஸக்கா.

“நேத்து ஓட்டினவர் கைவரிசை” என்றார் அப்பா.

சனிக்கிழமை மாமாவோடு போனாள். அதே நான்கு சொட்டு மெழுகு. மாமாவும் தார் ரோட்டில் ஃபோர் வீலைத் தொடவில்லை. மாமாவும் பள்ளத்தில் குழந்தையைத்தான் இறக்கினார். அதே இடத்தில் அதே மெழுகு உருகியது, ஒரு நூல் பிசகவில்லை.

“நேத்து ஓட்டினவர் கைவரிசைம்மா” என்றார் மாமா.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. இரண்டு பேருமே வண்டியைத் தங்கமாக ஓட்டுகிறார்கள். தார் ரோட்டில் சூடு இல்லை, பள்ளத்தில் சூடு. மூட்டில் இல்லை, கியர்பெட்டி வாயில். அந்த பேரிங்கை யாரோ உட்கார்ந்து இடித்துத் தள்ளுகிறார்கள். யார்?

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்காரனிடம், “இன்னைக்குச் சமையல் உன் பொறுப்பு, பஞ்சாயத்தும் உன் பொறுப்பு” என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்கு வந்தாள். வண்டியைத் தூக்கி நிறுத்தி, எட்டு போல்ட்டையும் கழற்றி, முன் ஷாஃப்ட்டை மட்டும் இறக்கிப் பலகையில் கிடத்தினாள்.

முன் ஷாஃப்ட் ஒரே குழாய் இல்லை. குழாய்க்குள் குழாயாக, குடைக்கம்பி மாதிரி நீண்டு சுருங்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது நீளம் மாறுமே, அதற்கு ஈடு கொடுக்க அந்த ஏற்பாடு. முன்பு இரண்டு முறையும் கிராஸ்தான் திருடன் என்று முடிவு கட்டிக்கொண்டு, கழற்றிய கையோடு ஷாஃப்ட்டை இழுத்துப் பிரித்துத் துடைத்து வைத்துவிட்டாள். உள்ளே தள்ளிப் பார்க்கவில்லை. இப்போது ஒரு முனையைச் சுவரில் முட்டுக் கொடுத்து, மறு முனையைப் பிடித்துத் தள்ளினாள்.

அசையவில்லை.

நான்கு விரல்கடை உள்ளே போக வேண்டிய சாமான் அது. இடுப்பைக் கொடுத்துத் தள்ளினாள். அரை விரல்கடை போய், பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. துரு என்றால் திரும்பி வராது. உள்ளே ஏதோ நிறைந்து இருக்கிறது. கிரீஸ் ஏற்றுகிற நிப்பிளை ஸ்பானர் போட்டுத் திருகினாள். கடைசி மரை கழன்றதுதான் தாமதம், சீறிக்கொண்டு வந்து நெற்றியில் அறைந்தது கிரீஸ். நிப்பிள் எங்கே பறந்தது என்று அன்றைக்குக் கிடைக்கவே இல்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஓட்டை வழியாகக் கிரீஸ் பற்பசை மாதிரி வந்துகொண்டே இருந்தது. ஒரு விரல்நீளம் சிவப்பு. அடுத்து ஒரு விரல்நீளம் கறுப்பு. மறுபடி சிவப்பு. மறுபடி கறுப்பு.

சிவப்பு கிரீஸ் டப்பா அப்பாவுடையது. ஷெட்டு கிரீஸ் தரமில்லை என்று சொந்தமாக வைத்திருந்தார். கறுப்பு, ஷெட்டு கிரீஸ். மாமா அதைத்தான் கையால் தொடுவார்.

சுவரில் தொங்கிய வெறும் அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா அட்டையைப் பார்க்கிறார். மாமா கிரீஸ் வைத்த கையெழுத்து இல்லை. பொறுப்பில்லாத மனுஷன், நாமாவது வைப்போம் என்று ஏற்றுகிறார். மாமா அட்டையைப் பார்க்கிறார். அப்பா கையெழுத்து இல்லை. அவரும் ஏற்றுகிறார். முறை வைத்து, வாரம் தவறாமல். ஆகட்டும், ஆனால் அதிகப்படியாகிற கிரீஸ் வெளியே வருவதற்கென்றே குழாய் முனையின் மூடியில் ஒரு சின்னத் துளை உண்டே! மூட்டுக்குப் பின்னால் மண்ணும் கிரீஸும் பூசி மெழுகியிருந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். துளையில் ஒரு தீக்குச்சி. தலை ஒடித்த தீக்குச்சியைப் பசை தடவி, ஆணி போல அடித்து இறுக்கியிருந்தார்கள்.

போக வழியில்லாத கிரீஸ் இரும்புத் தூணாக நின்றுவிட்டது. பள்ளத்தில் வண்டி இறங்கும்போது ஷாஃப்ட் சுருங்க முடியாமல், மொத்த வேகத்தையும் கியர்பெட்டி வாயில் இருக்கும் பேரிங்கின் மேல் இடித்திருக்கிறது. அவள் ஒவ்வொரு முறையும் பிரித்துத் துடைத்து மாட்டியதால் கொஞ்ச நாள் சமர்த்து. நிறைந்ததும் காய்ச்சல்.

“கண்டுபிடிச்சிட்டேன்!” என்று கத்தினாள். யாரும் இல்லாத ஷெட்டில் குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. இரண்டு கையிலும் கிரீஸோடு வண்டியைச் சுற்றி ஒரு முறை ஓடியே விட்டாள். ஓடி முடிக்கும்போதுதான் ஒன்று உறைத்து, கால் நின்றது.

சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு கறுப்பு மட்டும் இரட்டிப்பு நீளமாக வந்திருந்தது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஞாயிற்றுக்கிழமை சர்வீஸில் அவளும் அட்டையைப் பார்ப்பாள். இந்த இரண்டு மனிதர்களும் வீம்பில் வண்டியைக் கவனிப்பதே இல்லை என்று திட்டிக்கொண்டே, ஷெட்டு டப்பாவிலிருந்து கிரீஸ் பம்பைப் பத்து அடி அடித்து ஏற்றுவாள். கையெழுத்து? தினமும் போய் வருகிற ஷெட்டில் நமக்கெதற்குக் கையெழுத்து என்று அவளும் போட்டதில்லை.

அவள் போனை எடுத்து இரண்டு பேரையும் வரச் சொன்னாள். இன்னொருவர் வருவதை இருவரிடமும் சொல்லவில்லை.

வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் வண்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் ஒதுங்கினார்கள். அவள் பலகையில் வழிந்து கிடந்த சிவப்பையும் கறுப்பையும் காட்டினாள். தீக்குச்சியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

“யார் வேலை இது?”

மாமா தலைகுனிந்தார். “ஒழுகுச்சும்மா. தினம் காலையில வந்து பார்த்தா, சொட்டைச் சுத்தி வட்டம். நான் என்ன வண்டி ஓட்டத் தெரியாதவனா? அந்த வட்டத்தைப் பார்க்கிறப்பல்லாம் நெஞ்சு எரியும். அதான் அடைச்சேன். நாலு மாசம் இருக்கும்.”

அப்பா தரையில் இருந்த பழைய வட்டம் ஒன்றைச் செருப்பால் தேய்த்தார். வட்டம் போட்டது யார் என்று அங்கே யாருக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“கிரீஸ்?” என்றாள்.

“வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் வைக்கிறேன்” என்றார் அப்பா மெல்ல. “அவர்தான் வைக்கிறதே இல்லையே, வண்டி பாவம்னு...”

“நான் சனிக்கிழமை” என்றார் மாமா. “அவர்தான்...”

முடிக்கவில்லை. பலகையைப் பார்த்தார்கள். அடுக்கடுக்காக வந்திருந்தது இருவருடைய அக்கறையும்.

“நானும்தான்” என்றாள் அவள். “அட்டையில ஒரு எழுத்து இருந்திருந்தா மூணு பேரும் நிறுத்தியிருப்போம்.”

அப்பா துணி எடுத்துப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். மாமா மறு ஓரத்திலிருந்து துடைத்தார். நடுவில் துணிகள் முட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருவரும் நிறுத்திக்கொண்டு, ஆளுக்கொரு வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்கள். அவள் ஷாஃப்ட்டைச் சுத்தம் செய்து, துளையைக் கம்பி விட்டுத் திறந்து, புது நிப்பிள் போட்டு, பம்பை எண்ணி இரண்டே அடி அடித்துக் கிரீஸ் வைத்தாள். ஒரு விரலால் தள்ளினாள். ஷாஃப்ட் சொன்ன பேச்சுக் கேட்டு உள்ளே போனது.

திங்கட்கிழமை காலை சூப்பரண்டு முன்னால் போய் நின்றாள்.

“பேர் தரேன் சார். ஆனா மலை மேலதான் தருவேன். நீங்களும் வரணும், ரெண்டு டிரைவரும் வரணும். போகும்போது அப்பா ஓட்டட்டும், வரும்போது மாமா ஓட்டட்டும்.”

“கண்டிஷனா?”

“ஆமா சார்.”

சம்மதித்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். மடிப்புக் கலையாத சட்டையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே அவளும் நர்ஸக்காவும். மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, காலால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தரையில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தார். பாலம் போனது. மூன்றாவது வளைவு போனது. போன வாரம் வண்டி நின்ற ஐந்தாவது வளைவு வந்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸக்கா மூக்கை உறிஞ்சிப் பார்த்து, “வாடை இல்ல” என்றாள். பள்ளத்தில் விழுந்தபோது கியர்பெட்டிப் பக்கமிருந்து எப்போதும் கேட்கும் ‘டங்’ இல்லை. அப்பாவின் காது அதைக் கவனித்தது கண்ணாடியில் தெரிந்தது. அடுத்த வளைவை அவர் விசிலடித்துக்கொண்டே ஏறினார். ஏழாவதையும் ஏறி உச்சியில் நிறுத்தினார்.

அவள் வண்டிக்கு அடியில் புகுந்து, முன் ஷாஃப்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணினாள். இருபது வரை எண்ணியும் கையை எடுக்கவில்லை.

“நீங்களும் தொட்டுப் பாருங்க சார்.”

சூப்பரண்டு தயங்கினார். பிறகு, அந்த ஷெட்டின் சரித்திரத்தில் முதல் முறையாக, மண்ணில் ஒரு முழங்காலை ஊன்றிக் கையை உள்ளே நீட்டினார். வெளியே எடுத்தபோது விரல்களில் கிரீஸ். நர்ஸக்கா தன் பங்குக்குக் கருவியை நீட்டினாள். இந்தத் தடவை அது கத்தவில்லை.

“முப்பத்தெட்டு. லேசான காய்ச்சல்தான். மாத்திரை வேண்டாம்” என்றாள். நர்ஸக்காவும் மெக்கானிக்கும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

சூப்பரண்டு விரலைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டே, “சரி, பேரைக் கொடு” என்றார்.

அவள் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். அவர் படித்தார். முகம் சுருங்கியது.

“நான் ஒரு பேர்தானே கேட்டேன்? மூணு எழுதியிருக்கே. மூணாவது உன் பேர்!”

“மூணு கையிலிருந்தும்தான் கிரீஸ் போயிருக்கு சார். ஒருத்தரும் வண்டியைக் கவனிக்காம விடல. மூணு பேரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் அதிகமா கவனிச்சிட்டோம்” என்று ஆரம்பித்து, அட்டை, துளை, தீக்குச்சி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். “தண்டனைன்னா மூணு பேருக்கும் கொடுங்க. ஒருத்தரை மட்டும் அனுப்புறதுன்னா, எந்தப் பாதி கிரீஸ் தப்புன்னு நீங்களே சொல்லுங்க.”

சூப்பரண்டு தாளைப் பார்த்தார். கறாரைப் பார்த்தார், நிதானத்தைப் பார்த்தார். இருவரும் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய பையன்கள் மாதிரி நின்றார்கள்.

“மூணு பேரையும் அனுப்பிட்டா இந்த மலையில வண்டியை நானா ஓட்டுறது?” என்று தாளை மடித்துப் பையில் வைத்தார். “இனிமே கையெழுத்து இல்லாம ஒரு சொட்டு கிரீஸ் வண்டிக்குள்ள போகக் கூடாது. அவ்வளவுதான். கிளம்புங்க, எனக்குக் கூட்டம் இருக்கு.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கிரீஸ் கையால் துடைத்து, கன்னமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் அழகாகத்தான் இருந்தாள்.

கையெழுத்துக்கு ஒரு வழி வேண்டுமே! இறங்கி வரும்போதே மடியில் புது அட்டை வைத்துக் கோடு போட்டாள். மேலிருந்து கீழாக மூன்று பத்தி, ஆளுக்கு ஒன்று. யார் பெயரும் யார் பெயருக்கும் கீழே வராது.

மாமா நிதானமாக ஓட்டி மலையை இறக்கினார். ஆஸ்பத்திரி வாசலில் சூப்பரண்டும் நர்ஸக்காவும் இறங்கிக்கொண்டார்கள். ஷெட்டு முன்னால் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் போட்டார் மாமா. பின் கதவுப் பள்ளத்துக்கு நேரே அதே தூண். பதினான்கு மாதமாக அவர் இந்த இடத்தில் நான்கு முறை இறங்கிப் பார்த்து, நான்கு முறை ஏறுவார்.

இறங்குவதற்குக் கதவைத் திறந்தார். அதற்குள் அப்பா வண்டியிலிருந்து குதித்துப் பின்பக்கம் போய்விட்டார். தூணுக்குப் பக்கத்தில் கால்களை அகட்டி நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. அவரே பேசினார்.

“வாங்க சம்பந்தி. வரலாம்... வரலாம்...”

மாமா திறந்த கதவை மூடினார். பக்கக் கண்ணாடியை அப்பாவின் கை முழுவதும் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்துக்கொண்டார். வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது. அவள் அட்டையோடு இறங்கி ஓரமாக நின்று பார்த்தாள்.

“வரலாம்... இன்னும் வரலாம்... போதும்!”

வண்டி நின்றது. தூணுக்கும் கதவுக்கும் நடுவே சரியாக நான்கு விரல்கடை இருந்தது.